பெரியவருக்கு உடம்பு சரியில்லை

பீரங்கிக்காரர் குவோ சான் விரலை மடக்கிப் பீரங்கியின் முதுகில் தட்டினார். சந்தையில் தர்ப்பூசணி வாங்குகிறவரைப் போலக் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "பெரியவரே, எந்திரிச்சீங்களா?" என்றார்.

வாய்க்கு வந்த மரியாதை அல்ல அது. பேரரசரே அந்தப் பீரங்கிக்குப் 'பெருந்தளபதி' பட்டம் கொடுத்துச் சிவப்புப் பட்டும் அனுப்பியிருந்தார். சீனப் பெருஞ்சுவரின் அந்தக் காவற்கோட்டையில் அதைவிடப் பெரிய பதவி எவருக்கும் இல்லை. மாதப் பிறப்பன்று ஊதுவத்தியும் ஒரு கிண்ணம் சோள மதுவும் படையல். வாசனை பெரியவருக்கு, மது குவோ சானுக்கு. வெடிமருந்தை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் திணிப்பார். "உப்பு கம்மி, எம் பொண்டாட்டி சமையல் மாதிரி" என்று துப்புவார். இடது புருவம் எப்போதோ கருகிப்போனது. அடுப்புக்கரியால் வரைந்துகொள்வார். மழை வந்தால் அது கன்னத்தில் இறங்கிவிடும்.

இன்று தட்டியபோது 'ணங்' என்று வரவில்லை. 'தொப்' என்றது. போன மாதம் சுட்ட சூடு ஆறுவதற்குள், புதிய கோட்டைத் தலைவர் தாவ் பக்தி முற்றி ஒரு ஜாடி மதுவைப் பெரியவர்மேல் கவிழ்த்திருந்தார். வார்ப்பிரும்பு தாங்குமா? மயிரிழை விரிசல், வால்வரை ஓடியிருந்தது.

இன்றைக்கென்று, மாதப் பிறப்பும் அதுவுமாக, மேலதிகாரி வருகிறார். தாவ் தீத்திரியோடு வந்து நின்றார்.

"வரவேற்பு வெடிடா. முழு மருந்தையும் திணி."

சுட்டால் பீரங்கியோடு குவோ சானும் சிதறுவார். விரிசல் என்று வாய்விட்டால், பட்டம் வாங்கியவரைச் சேதப்படுத்திய குற்றம். அதற்கும் வெட்டுப்படுவது பீரங்கிக்காரன் தலைதான்.

"ஐயா, பெரியவருக்கு உடம்பு சரியில்ல."

"இரும்புக்கு என்னடா உடம்பு?"

"மெல்லப் பேசுங்க, காதுல விழுந்துடப்போவுது. உங்களுக்கே மேல உள்ளவரு." குவோ சான் குனிந்தார். "அன்னிக்கு நீங்க ஊத்துன சரக்கு அவருக்கு ஒத்துக்கல. முதுகைத் தொட்டுத்தான் பாருங்களேன்."

தாவ் தொட்டார். விரல் விரிசலில் நின்றது.

"சுட்டே ஆகணும்னா சுடுங்க. ஆனா தளபதிய எழுப்புறது சிப்பாய் வேலையா? உங்க கையாலயே வைங்க. நான் அந்த மலைக்குப் பின்னால நின்னு கும்பிட்டுக்கறேன்."

கீழே சாலையில் முரசு கேட்டது. தாவ் திரியைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார். படையல் கிண்ணத்து மதுவில் திரியை முக்கி அணைத்தார்.

"தளபதி ஓய்வுல இருக்காருன்னு நானே சொல்லிக்கறேன்" என்று படியிறங்கினார்.

குவோ சான் சாம்பலை ஊதி ஒதுக்கிவிட்டு மதுவைக் குடித்தார். பிறகு அணைந்த திரியை எடுத்து, அதன் கரியால் இடது புருவத்தை நிதானமாக வரைந்துகொண்டார்.