கத்த முடியுமா என்று கேட்டவர்

அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கும்போது நான் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். என்ன நோய், என்ன செய்யப் போகிறோம், செய்யாமல் விட்டால் என்ன ஆகும், செய்தால் என்னென்ன கோளாறு வரலாம். கடைசியில், கேட்டதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வேன். விருதுநகரில் பயிற்சியில் இருந்தபோது பழகியது. அங்கே சிவகாசிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இந்தக் கடைசிப் படிதான் சிரமம். பட்டாசுக் கம்பெனியில் சேரும்போது எதையோ படித்துக் காட்டுவார்கள், இவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். எங்களிடமும் அதே வேகத்தில் பேனாவுக்குக் கை நீளும்.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் கை நீட்டினார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் தைராய்டு கட்டி. புற்று இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது. சோறு விழுங்கச் சிரமப்பட்டார். பக்கத்தில் கணவர் நின்றார், லாரியில் லோடு ஏற்றுகிறவர்.

"பொறுங்கக்கா, முழுசாச் சொல்லிடறேன்."

மயக்கம், ரத்தக் கசிவு, தழும்பு, பிறகு போட வேண்டிய மாத்திரைகள். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கட்டியை ஒட்டிக் குரலுக்கான நரம்புகள் ஓடுகின்றன, அவை பாதிக்கப்பட்டால் குரல் கம்மிவிடும், பெரும்பாலும் சில மாதங்களில் தெளியும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றேன்.

கணவர் சிரித்தார். "அது ஒண்ணு போதும் டாக்டரம்மா. வீட்டுல கொஞ்சம் சத்தம் குறையட்டும்."

"நீங்க சும்மா இருங்க" என்றவர் என்னைப் பார்த்தார். "கம்மிப்போனா, கத்த முடியுமா?"

"பேசலாம். உரக்கக் கத்துறது கஷ்டமா இருக்கலாம்."

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வெடிக்கு மருந்து நிரப்பும் அறையில் அவருக்கு வேலை. அறைக்கு நான்கு பேர், எல்லோருக்கும் குனிந்த தலை. மற்ற மூவரும் தெரிகிற இடத்தில் இவர் உட்காருவார். புகையைக் கண்டால் கத்த வேண்டும். கேட்டவர்கள் காரணம் கேட்காமல் ஓட வேண்டும்.

"போன சீசன்ல நான் போட்ட சத்தத்துல நாலு பேரும் வெளிய வந்துட்டோம். ரூம்தான் போச்சு. இனிமே எனக்குச் சத்தம் வராதுன்னா அவளுகளுக்குத் தெரிய வேண்டாமா?"

"அவளுகளுக்கா ஆபரேசன்? லீவு போட்டு வந்திருக்கேன், தேதி குடுத்துட்டாக. கையெழுத்தப் போடு புள்ள."

"சொல்லிட்டுத்தான் போடுவேன்."

நான் வற்புறுத்துவேன் என்று கணவர் எதிர்பார்த்தார். கட்டி சில வாரம் பொறுக்கும். மூச்சு முட்டினால் உடனே வர வேண்டும் என்று சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னேன். கம்பெனியில் வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டுப் பார்க்கலாமே என்றும் சொன்னேன்.

மாலையில் மூத்த மருத்துவர் அறுவை சிகிச்சைப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரை அடித்தார். "பயமுறுத்திட்டியா?"

"இல்ல சார். நல்லாப் புரிஞ்சிருச்சு."

அடுத்த வாரம் மூன்று பேராக வந்தார்கள். மூன்றாவது ஆள், அதே மருந்து அறையில் வேலை செய்யும் தோழி. அறைக்குள் வந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நான் கத்துனா ஆமத்தூர் வரைக்கும் கேக்கும் டாக்டரம்மா. இவ இடத்துல நான் உக்காந்துக்கிறேன். மத்த ரெண்டு பேருக்கும் சம்மதம். கம்பெனி போர்மேன்கிட்டயும் பேசியாச்சு, தீபாவளி கழிச்சு இவளப் பெட்டி ஒட்டுற பக்கம் மாத்துறேன்னிருக்காரு."

"வேணும்னா கத்திக் காமிக்கச் சொல்லவா?" என்றார் கணவர்.

வேண்டாம் என்றேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னபோது அந்தப் பெண் தடுமாறவில்லை. "கழுத்துல கீறிக் கட்டிய எடுப்பீக. ரத்தம் கசியலாம், மாத்திரை போட வேண்டி வரும். குரல் கம்மலாம். திரும்பி வரலாம், வராமயும் போகலாம். கத்துறதுக்கு இவ இருக்கா."

கடைசி வாக்கியம் மட்டும் நான் சொல்லாதது.

கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சிக்கு ஓர் இடம் உண்டு. அதில் வழக்கமாகக் கணவர்தான் போடுவார். அவரும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். மனைவி தாளைத் தோழியின் பக்கம் நகர்த்தினார். "நீ போடுடி."

தோழி முதல் வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, பஸ்ஸு போயிரும்" என்றார் கணவர்.

"போகட்டும்ண்ணே" என்றது ஆமத்தூர் வரை கேட்கும் குரல். விரல் அடுத்த வரிக்குப் போனது.