யோகன் அண்ணையின் துவக்குப் போம்

போம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பிக் கொடுப்பதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் ஒருமுறை கனடாவில் இந்த மில்லிக்கன் பிளாசாவுக்கு வந்து என் மேசைக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். படித்த குற்றத்துக்காக ஊரார் கடிதங்களையெல்லாம் தலையில் சுமக்கும் ஆள் நீங்களும் என்றால், நான் விளக்கத் தேவையில்லை.

மனைவிக்கு ஒரு கோடு

ஊரில் யுத்தம் முடிவதற்கு முந்திய மாரியில் யோகன் அண்ணை துவக்கு லைசென்ஸ் போமோடு வந்தார். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் சனி ஞாயிறில் வடக்கே முயலும் காட்டுக்கோழியும் சுடப் போவார்களாம். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் இவருக்கு மட்டும் சொல்ல ஒரு கதையும் இல்லையாம். பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனையும் பாஸ் பண்ணியிருந்தார்.

போமில், தனக்கு ஆட்சேபனை இல்லை என்று மனைவி ஒப்பமிட ஒரு கோடு இருந்தது. கூட வந்த அவர் மனைவி மலர் அக்கா பேனையைத் தொடவே மாட்டேன் என்றார். தன் ஒரே தம்பி சுதனை வன்னியிலிருந்து எப்படியோ எடுப்பித்து, வீட்டு பேஸ்மென்ரில் வைத்துச் சோறு போடுகிறவர் அவர். துவக்கு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. எனக்கு அவசரம், வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். "முயல் சுடுற துவக்குத்தானே அக்கா, நீங்கள் ஒப்பம் வைக்காட்டி லைசென்ஸ் அலுவலகத்திலயிருந்து உங்களுக்குப் போன் வரும், எல்லாம் இழுபடும்" என்று சிரித்தபடி சொன்னேன். அவர் வாசிக்காமலே ஒப்பமிட்டார்.

"நீங்கள் படிச்சனீங்கள் தம்பி. நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

மே மாதம்

யுத்தம் முடிந்த அந்த மே மாதம் என் மேசையில் வேறு போமே இல்லை. எல்லாம் காணாமல்போனவர்களைத் தேடும் போம்கள். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். ஒரே கடற்கரையின் பெயரை எத்தனை பேருக்கு எழுதினேன் என்று தெரியாது. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வாய்விட்டு அழுதிருக்கிறேன்.

மலர் அக்கா தாயைத் தேடி எழுதினார். சில கிழமைகளில், தாய் முகாம் ஒன்றில் உயிரோடு இருப்பதாகச் சேதி வந்தது. அதைச் சொல்லச் சுதன் வந்தான். அதே கிழமைதான் யோகன் அண்ணையின் லைசென்ஸ் அட்டையும் தபாலில் வந்ததாம். அவனுக்கு அன்றைக்குச் சந்தோசம், பகிடி விட்டான்.

"அங்க வெடிச் சத்தம் நிண்டிட்டுது அண்ணை. இனி இஞ்ச அத்தான் தொடங்கப்போறார்."

ஆயுத பூசை

யோகன் அண்ணை துவக்கு வாங்கினார், ஒழுங்காகப் பதிந்தார், பூட்டுப் போட்ட அலுமாரிக்குள் வைத்தார். புரட்டாதி மாதம் ஒரு சனிக்கிழமை வடக்கே போய்க் காட்டுக்கோழி ஒன்றும் சுட்டு வந்தார். அடுத்த கிழமை நவராத்திரியின் கடைசி நாள். நீங்களும் செய்திருப்பீர்கள்: பிள்ளைகளின் புத்தகம், கார்த் திறப்பு, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்போம். அவர் துவக்கையும் எடுத்து வந்து வைத்தார்.

ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் பூசும்போது வெடித்தது. எதிரே சுதன் கடலைக்குத் தேங்காய்ச் சொட்டு வெட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. பொலிஸ் வழக்குப் பதிந்தது. செத்தவீட்டில் யோகன் அண்ணை என் கையைப் பிடித்தபடி விடவே இல்லை.

"துவக்குக்குள்ள வெடிரவை கிடக்கோ எண்டு பாக்கிறதுதான் வகுப்பில முதல் பாடம். சாமிக்கு முன்னால வைக்கிற சாமானில ஆர் தம்பி சந்தேகப்படுறது?"

இரண்டு மனு

வேட்டைத் துவக்குகளைப் பதிய வேண்டுமா, வேண்டாமா என்று இந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் இழுபறி நடந்த காலம் அது. பெற்றோல் நிலையம் வைத்திருக்கும் அங்கிள் ஒருவர், பதிவு வேண்டாம் என்று எம்பிக்கு மனு எழுத வந்தார். "லைசென்ஸ் இருந்தது, பதிவும் இருந்தது, போமும் சரி. உந்தச் சட்டம் என்னத்தைத் தடுத்தது?" என்று மேசையில் தட்டினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பக்கத்து இறைச்சிக்கடை றிஸ்வி நானா பதிவு வேண்டும் என்று எழுத வந்து காத்திருந்தார். இரண்டு மனுவையும் நானே எழுதினேன், ஒரே பேனையால். இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. நானா தன் மனுவை மடித்துக்கொண்டு அங்கிளைப் பார்த்தார்.

"சட்டம் இருந்தும் ஒரு உசிர் போய் ஒரு மய்யித்து. இல்லாட்டி எத்தின எண்டு யோசிச்சுப் பாருங்க."

தாயின் போம்

பனி கொட்டத் தொடங்கியபின் மலர் அக்கா வந்தார், தாயை முகாமிலிருந்து கனடாவுக்கு எடுக்க. தாயின் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் எழுத வேண்டும். இறந்த பிள்ளை என்றால் இறந்த திகதியும் எழுத வேண்டும். சுதனின் பெயருக்கு வந்ததும் திகதியைக் கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார், தாய்க்கு இன்னும் சொல்லவில்லையாம். யாருடையவோ போனில் தாய் கதைக்கும்போதெல்லாம் சுதன் வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்கிறார்களாம்.

பொய் எழுத முடியாது, பிடிபட்டால் தாய் வரவே முடியாது. உண்மை எழுதினால் போம் ஒப்பத்துக்குத் தாயிடமே போகும். தாய் படிப்பித்த ரீச்சர், ஒரு வரி விடாமல் வாசிப்பவர். கம்பிவேலிக்குள் தனியே இருந்து அதை வாசிப்பார். மலர் அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாளை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"அப்ப அம்மா அங்கயே இருக்கட்டும் தம்பி. அங்க இருக்கும்வரைக்கும் அவவுக்கு அவன் உயிரோட இருக்கிறான்."

பிழையே விடாத ஆள் என்று பிளாசா முழுக்க எனக்குப் பெயர். நிரப்பவே கூடாத அந்தத் துவக்குப் போமையும் ஒரு பிழை இல்லாமல்தான் நிரப்பிக் கொடுத்தேன்.