ரோஸ் தார்ப்பாயும் நீலத் தார்ப்பாயும்

1. முதல் கேள்வி

பொம்மைக் கடையில் ஆள் வந்து நின்றதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "பையனுக்குங்களா, பாப்பாவுக்குங்களா?" மலை மேலிருக்கும் செம்மேடு சந்தையில் முதன்முதலாகக் கடை போட்ட அன்று நான் அதைக் கேட்க மறந்துவிட்டேன். ஒரு பையனின் அப்பாவிடம் சொப்பு செட்டை எடுத்து நீட்டினேன்.

"ஏனுங்கம்மா, எம்பையனப் பாத்தா சோறாக்கறவனாட்டவா இருக்குது?" என்றார். பக்கத்துக் கடைகளெல்லாம் சிரித்தன.

எனக்குச் சரக்குப் போடும் சேலத்து மொத்தக் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "பொண்ணுன்னா ரோஸ், பையன்னா நீலம். கம்பெனிக்காரனே அட்டையில கலர் போட்டுப் பிரிச்சுத்தான் அனுப்பறான். நீங்க எதுக்கு மண்டையக் கொழப்பிக்கறீங்க?" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு தார்ப்பாய் விரித்தேன். ரோஸில் கிரீடம் வைத்த பொம்மை, சொப்பு செட், மேக்கப் பெட்டி. நீலத்தில் லாரி, பஸ், ஜேசிபி, ஸ்பேனர் செட். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு விற்கும் செல்லம்மா சொல்வாள்: "பழகுன காலு பாதைய கேக்காது."

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் குட்டியானை வண்டியில் சரக்கோடு நானேதான் ஓட்டிக்கொண்டு ஏறுவேன். என் வீட்டுக்காரருக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். அதனால் சந்தை நாளில் அவர் வீட்டில் இருந்து சோறாக்கி வைப்பார். இரண்டு தார்ப்பாயையும் விரித்த அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இது எனக்கு உறைக்கவில்லை.

2. காது குத்திய நாள்

ஒரு சந்தை நாளில் ஐந்து வயதுப் பாப்பா ஒருத்தி தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு காதிலும் புதுத் தோடு, சுற்றிலும் மஞ்சள்.

"காலையிலதான் கோயில்ல காது குத்துனோமுங்க அக்கா," என்றார் மாமா. "அழுகாம எம்மடியில உக்காந்தீன்னா சந்தையில கேக்கறத வாங்கித் தாரேன்னு சொல்லியிருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீரு இல்லீங்க."

"கெட்டிக்காரி. கேளு கண்ணு," என்றேன். கை தானாகக் கிரீடம் வைத்த பொம்மையைத் தூக்கிவிட்டது.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. நீலத் தார்ப்பாயில் இருந்த மஞ்சள் ஜேசிபி முன்னால் போய்க் குந்தினாள். அதன் கையை மெதுவாகத் தூக்கி இறக்கிப் பார்த்தாள்.

"இதுதானுங்க மாமா. நம்மூரு ரோட்டுல மண்ணு சரிஞ்சப்ப வந்துச்சே."

மாமா தலையைச் சொறிந்தார். "அது பசங்க வெளையாடறது சாமி. வாங்கீட்டுப் போனா உங்கம்மா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிப்போடும். அக்கா, நீங்களே சொல்லுங்க."

நானும் சொன்னேன். அதுதான் தப்பு. "ஆமாங் கண்ணு, அது பையனுங்க பக்கம். அட்டையப் பாரு, பையன் படந்தான போட்டிருக்குது. உன்ற பக்கம் இது."

பாப்பா கையை எடுத்துக்கொண்டாள். உதடு துடித்தது, அழவில்லை. அழமாட்டேன் என்று அவள் கொடுத்த வாக்கை அப்போதும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மாமா கொடுத்த வாக்கைத்தான் பெரியவர்கள் நாங்கள் இருவரும் சேர்ந்து நழுவவிட்டுக்கொண்டிருந்தோம்.

பொம்மையைப் பையில் போட்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கடைக்குப் பின்னால் நின்ற குட்டியானையைப் பார்த்தாள்.

"ஏனுங்க அத்தை, அந்த வண்டிய நீங்கதான ஓட்டீட்டு வந்தீங்க? பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்."

"ஆமா கண்ணு."

"அது எந்தப் பக்கமுங்க?"

செல்லம்மா கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டாள். "சொல்லுக்கா, நானுந் தெரிஞ்சுக்கறேன். ஊட்டுல சோறாக்கற மச்சான் எந்தப் பக்கம்னும் சேத்துச் சொல்லீரு."

நீட்டியிருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். மாமாதான் முதலில் சிரித்தார். "சரி உடுங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான். எங்கக்காகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கறேன். அதையே குடுங்க."

ஜேசிபியை அட்டையிலிருந்து பிரித்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் மாமா தூக்கிக்கொண்டதும் அவர் தோளில் முகத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

"ஏஞ்சாமி, அதான் வாங்கிட்டமே?"

"காது வலிக்குதுங்க மாமா."

3. இப்போது

அடுத்த வாரத்திலிருந்து ஒரே தார்ப்பாய்தான், பச்சை நிறம். கிரீடம் வைத்த பொம்மை இன்றைக்கும் நன்றாகவே போகிறது. கேட்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிறேன். சொப்பு செட்டை ஒரு பையன் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதால், "மச்சானாட்டப் பொழச்சுக்குவான், குடுக்கா" என்கிறாள் செல்லம்மா.

புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்வி எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பிள்ளை எங்கே போய்க் குந்துகிறதோ, அதுதான் அதன் பக்கம்.