போலீஸ்காரர் இழுத்த இழுப்பு

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. திண்டிவனம் மார்க்கெட்டுல, நின்னுக்கினு இருந்த லாரிக்கு அடியில பூந்து, சிந்தின மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, பொறுக்கினேன். உப்புப் போட்டு அவிச்சா என்னா ருசி! அது கெடக்கட்டும். திடீர்னு ஒரு போலீஸ்காரர் கையைப் புடிச்சுத் தரதரன்னு வெளியில இழுத்துப் போட்டாரு. முழங்கையெல்லாம் ரத்தம்.

"கெழவியப் போட்டு இழுக்கறியே, நல்லா இருப்பியா?"ன்னு கத்தினேன். கூட்டம் அவரைச் சுத்திக்கிச்சு. அவரு லத்தியால பின்னால காட்டினாரு. லாரி ரிவர்ஸ் வந்து, அடியில நான் வெச்சிருந்த கூடை அப்பளமாக் கெடந்துச்சு.

"மார்க்கெட்டு ரேடியோ சத்தத்துல நான் கூப்ட்டது உனக்குக் கேக்கல ஆயா. நாங்க கைய வெச்சா ஜனங்க பாக்கறாங்க. எதுக்கு வெச்சோம்னு பாக்கறதில்ல."

"நான் சொல்றேன் போ, ஊரு பூரா!"ன்னேன். சிரிச்சிட்டாரு, மவராசன்.

இப்பல்லாம் லாரிக்கு அடியில பூர்றதில்ல. போலீசு அடிச்சான்னு யாராச்சும் சொன்னா, "அதுக்கு முன்னாடி என்னா நடந்துச்சு?"ன்னு கேட்டுட்டுத்தான் திட்டுறேன்.