மருந்து மதி

சுடலைமுத்தண்ணே, நீ சொன்ன ஒரே ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் இன்னும் கெடந்து முழிக்கேன், கேட்டியா. நீ இருந்தா ஒரு நொடியில சொல்லிருவ. நீ இல்ல. அதான் நான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுதேன்.

எனக்குப் படிப்பு அஞ்சாங்கிளாஸ்தான். அதுவும் தென்காசிப் பக்கம் எங்க ஊருல. பேசுத மாதிரிதான் எழுத வரும். தப்பு கெடந்தா பொறுத்துக்கோங்க.

இது நடந்தது எமர்ஜென்சி முடிஞ்சதுக்கு மறு வருசம், திருவனந்தபுரத்துல. அப்பா செத்த பொறவு அம்மையும் அண்ணனும் நானும் பொழப்புக்கு அங்க போனோம். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில நான் மாவாட்டுவேன், பாத்திரம் கழுவுவேன், ஆளு வரலேன்னா பரிமாறவும் செய்வேன். அண்ணன் கட்டிட வேலைக்குப் போவான். சாரம் கட்டுததுல கெட்டிக்காரன். கொரங்கு மாதிரி ஏறுவான். அம்மை கீழ நின்னு ஏசுவா.

இருந்து இருந்து எங்க பேச்சுல பாதி மலையாளமாப் போச்சு. அதுல இந்த 'மதி' இருக்கு பாருங்க. மதின்னா போதும். சோறு போடும்போது கையத் தூக்கி 'மதி மதி'ன்னா இனி வேண்டாம்னு அர்த்தம். ஆனா கடைக்கு வந்து உக்காந்த ஆளு 'எனிக்கு தோசை மதி'ன்னா, தோசை வேண்டாம்னு இல்ல. தோசைதான் வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்னு அர்த்தம். போன புதுசுல இது எனக்குத் தெரியாது. தோசைய வச்சுட்டு இட்லியும் வைக்கட்டான்னு கேட்டதுக்கு ஒரு ஆளு அப்படிச் சொன்னதும் அவரு முன்னால இருந்த தோசைய எடுத்துட்டு உள்ள போயிட்டேன். அவரு எலையப் பாக்காரு, என்னப் பாக்காரு. மொதலாளி தலையில அடிச்சிக்கிட்டாரு. அண்ணன் இதச் சொல்லிச் சொல்லி சிரிப்பான். "ஏட்டி, தோசைக்காரி, மதியா?"ன்னு கேட்டு என் தட்டப் பிடுங்குவான்.

வித்துரான்னு ஒரு ஊருல அண்ணனுக்குக் கட்டிட வேலை. மழையில சாரம் வழுக்கி கீழ விழுந்துட்டான். துருப்பிடிச்ச கம்பி ஒண்ணு முட்டிக்குக் கீழ குத்தி ஏறிட்டு. அங்கயே ஏதோ மருந்து போட்டுக் கட்டிட்டு வேலைக்கும் போயிருக்கான், மடையன். காலு நீலமா வீங்கின பொறவுதான் கூட வேலை பாத்தவனுவ பஸ்ஸுல தூக்கிட்டு வந்தானுவ. பெரியாஸ்பத்திரியில சேத்தோம். ஊசி, ஊசி, ஊசி. குத்த எடம் இல்லாம நர்ஸம்மா தேடுவாவ. காலு நாத்தம் வந்துட்டு.

ஒரு நா காலையில டாக்டர் வந்தாரு. நல்ல மனுசன், சும்மா சொல்லக் கூடாது. கட்டிலு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பேசினாரு. எங்கள மாதிரி ஆளுககிட்ட யாரு உக்காந்து பேசுதா? கால எடுத்துட்டா உசுரு தப்பும், எடுக்கலேன்னா மருந்து குடுத்துப் பாக்கலாம், ஆனா ஒறுதி சொல்ல முடியாதுன்னு மலையாளத்துல நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. "எந்தா வேண்டது சுடலமுத்தூ, நீ பற"ன்னாரு. என்ன வேணும், நீயே சொல்லுன்னு அர்த்தம். அவரு பின்னால கொஞ்சம் டாக்டருக்குப் படிக்கிறவுக, அதுல ஒரு சின்ன வயசு டீச்சரும் நின்னாவ. அந்த டீச்சரப் பத்திப் பொறவு சொல்லுதேன்.

அண்ணன் ஒரு கையில குளுக்கோஸ் ஏறுது. ஆட்டாம இருக்க அந்தக் கையக் கட்டிலோட கட்டியிருந்தாவ. இன்னொரு கைய நான் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். அண்ணன் அண்ணாந்து கூரையப் பாத்தான். சொன்னான்.

"மருந்து மதி, சாரே."

டாக்டர் தலைய ஆட்டினாரு. தோளத் தட்டிக் குடுத்துட்டு எழும்பினாரு. கால எடுக்கல. அன்னைக்கு மத்தியானமே காய்ச்சல் கூடி அண்ணன் பிச்சுப் பிச்சுப் பேச ஆரம்பிச்சுட்டான். சாரம், கயிறு, அப்பா அப்படின்னு. பொறவு அவன் நெலையாப் பேசவே இல்ல. அந்த வாரமே போயிட்டான்.

அப்ப எனக்கு ஒண்ணும் தோணல, சத்தியமா. மருந்துதான் வேணும்னு சொன்னான், குடுத்தாவ, போயிட்டான். அவ்வளவுதான்னு இருந்தேன். அழுததோட சரி.

பதினாறு எல்லாம் கழிஞ்சு நான் கடைக்குத் திரும்பின சமயம். சாப்பாடு முடிஞ்சு கடை காலியா கெடக்கு. மொதலாளி உள்ள எட்டிப் பாத்து, "ஏளா, ஒன்னத் தேடி வக்கீலம்மா வந்திருக்கு. எவன் சட்டியத் திருடின?"ன்னாரு. போய்ப் பாத்தா அந்த டீச்சர். கையில கொடையும் தோள்ல பையும்.

அவுக வக்கீலுக்குப் படிச்சவுகதானாம். ஆனா கேஸ் நடத்த மாட்டாவளாம். சட்டக் காலேஜுல புதுசா வேலைக்குச் சேந்திருக்காவ. ஆஸ்பத்திரியில நோயாளிகிட்ட டாக்டர் என்ன சொல்லுதாவ, என்ன கேக்குதாவ, அவுக சம்மதிச்சாவளா இல்லியான்னு பாத்து எழுதுததுதான் அவுக படிப்பாம். இதுக்கு ஒரு படிப்பா, இதுக்குச் சம்பளமும் உண்டான்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல. இப்பவும் முழுசா வெளங்கல. அவுக எழுதினத அடுத்த வாரம் பெரிய பெரிய ஆளுக கூடுத எடத்துல வாசிக்கணும். மொதத் தடவையாம். அதுல அண்ணன் கதைதான் முக்கியமாம். ஒரு ஏழைகிட்டயும் டாக்டர் உக்காந்து கேட்டாரு, அவன் கால எடுக்க வேண்டாம்னான், அவன் பேச்ச மதிச்சாவ, இப்படித்தான் இருக்கணும்னு.

அவுகளுக்கு எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுக்குத டாக்டரம்மா ஒருத்தி கரமனையில இருக்காவளாம். அந்தம்மா இத வாசிச்சுட்டு, 'அவன் வாயால சொன்னது என்ன?'ன்னு கேட்டிருக்காவ. 'மருந்து மதி'ன்னு டீச்சர் சொல்லவும், பேனாவ மூடி வச்சுட்டு, 'அவன் வீட்டு ஆள்கிட்ட கேட்டியா?'ன்னாவளாம். அதான் டீச்சர் என்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்காவ.

அம்மைகிட்ட சொன்னேன். அம்மைக்குக் கோவம் வந்துட்டு. "சொன்னவன் போய்ச் சேந்தாச்சு. செத்தவன் வாயத் தெறந்து இனி எவளுக்கு என்ன ஆவணும்?"னா. நான் போனேன். ஏன் போனேன்னு தெரியல.

பஸ்ஸுல டீச்சர் என் பக்கத்துலதான் உக்காந்தாவ. எனக்கு சன்னல் பக்கம் விட்டாவ. அவுக தமிழ் எனக்குச் சிரிப்பா இருக்கும், என் மலையாளம் அவுகளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். "சேட்டன் மருந்து மாத்ரம் வேணும், காலு எடுக்க வேண்டாம்னு தானே சொன்னது? அங்கனே அல்லே?"ன்னு மூணு வாட்டி கேட்டாவ. பாவம், முகம் வாடிப் போயிருந்துது. நானும் ஆமான்னேன். அப்படித்தானே நான் நெனச்சிருந்தேன்.

டாக்டரம்மா வீடு கரமனையில அக்கிரகாரத் தெருவுல. உள்ள ஏறலாமா கூடாதான்னு வாசல்லயே நின்னேன். "என்ன நிக்கறே? வா, நாற்காலில உக்காரு"ன்னு தமிழ்ல கூப்பிட்டாவ. எங்க தமிழ் இல்ல, அவாத் தமிழ். பெரிய வயசு இல்ல, நாப்பது இருக்கும். கண்ணாடி போட்டு, நைட்டு டூட்டி பாத்த மாதிரி கண்ணு செவந்து. "கேஸு, கோர்ட்டு ஒண்ணும் கெடையாது, பயப்படாதே"ன்னாவ.

நான் உக்காந்ததும், "அண்ணன் மருந்து மட்டும் போதும்னுதாம்மா சொன்னான்"னு ஒப்பிச்சுட்டேன். டாக்டரம்மா என்னப் பாக்கல. டீச்சரத் திரும்பிப் பாத்தாவ.

"பஸ்லயே பதிலைச் சொல்லிக் குடுத்து அழைச்சிண்டு வந்தியா?"

டீச்சருக்கு முகம் செவந்துட்டு. "இல்ல மேடம், ஞான் வெறுதே..." சும்மாதான் கேட்டேன்னு இழுத்தாவ.

காப்பி வந்துது. டாக்டரம்மாவே எனக்கு ஊத்தினாவ. டம்ளர் நெறையப் போவுது, நான் கையத் தூக்கி, "மதி, மதி"ன்னேன். ஊத்துதத நிறுத்திட்டாவ. அப்படியே பிடிச்சுக்கிட்டு கேட்டாவ.

"ஒங்க அண்ணாவும் இப்படித்தான் சொல்வானா? கையத் தூக்கி?"

ஆமா, வீட்டுல அப்படித்தான், சோறு போதும்னா கையத் தூக்குவான்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கு உறைச்சுது. மருந்து மதி. மருந்துதான் வேணும்னா சொன்னான்? இல்ல மருந்து போதும், இனி வேண்டாம், கால வெட்டுங்கன்னு சொன்னானா?

"அன்னிக்கும் கையத் தூக்கினானாம்மா?"ன்னு டாக்டரம்மா மெதுவாக் கேட்டாவ.

ஒரு கை கட்டிக் கெடந்துது. இன்னொரு கை எங்கிட்ட. அந்தக் கை அசைஞ்சுது. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தூக்கப் பாத்தானா, வலியில துடிச்சானா, எங்கையப் பிடிச்சு அழுத்தினானா, தெரியல. நானும் இறுக்கிப் பிடிச்சேன். அவ்வளவுதான் தெரியும்.

அதச் சொன்னேன். பொறவு எல்லாம் கலந்து வந்துட்டு. அன்னைக்கு விடியக்காலம் நர்ஸம்மா ஊசி போட்டுட்டுப் போனதும், "போதும்டி இந்தச் சித்ரவத"ன்னு பல்லக் கடிச்சான். அதுக்கு முந்தின நாளு, "ஒத்தக் கால வச்சு எவன் என்னச் சாரத்துல ஏத்துவான்?"ன்னு கேட்டான். ரெண்டும் அவன் சொன்னதுதான். தமிழ்ல நெனச்சுச் சொன்னானோ, டாக்டர் கேட்ட மலையாளத்துலயே நெனச்சுச் சொன்னானோ. என் தோசைய நெனச்சுச் சிரிச்சவன், அவனுக்கு ரெண்டு மதியும் தெரியுமே! அழுகையில மூக்கெல்லாம் ஒழுகிட்டு. டீச்சர் அவுக கைக்குட்டையத் தந்தாவ. அவுகளும் அழுதாவ.

டீச்சர்தான் கேட்டாவ, சின்னப் புள்ள மாதிரி.

"அப்போ ஞான் எந்தா எழுதண்டது, மேடம்?"

"தெரியலைன்னு எழுது."

"தெரியலைன்னு எழுதினா ஆரு வாயிக்கும்?"

"நான் வாசிப்பேன்"னாவ டாக்டரம்மா. பொறவு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "அந்த டாக்டர் ஸ்டூல் போட்டு உக்காந்தார், கேட்டார். எல்லாம் சரியாத்தான் பண்ணினார். திருப்பி ஒரு தரம் கேக்கலை. நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அதையும் எழுது"ன்னாவ.

டீச்சர் அங்கயே உக்காந்து அவுக எழுதிக் கொண்டு வந்ததுல கோடு போட்டு அடிச்சாவ. முழுசா ஒரு பக்கம். அவுக கண்ணுல தண்ணி, கை அடிக்குது. எனக்கு அவுகளப் பாத்தா பாவமா இருந்துது. என்னால கெட்டுதேன்னும் இருந்துது. நான் கெடுக்கலயேன்னும் இருந்துது.

வீட்டுக்கு வந்து அம்மைகிட்ட சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். அம்மை சுவத்தப் பாத்துப் படுத்துட்டா. விடிஞ்சு எழும்பி, "எம்புள்ள மருந்துதாண்டி கேட்டான். ரெண்டு காலோட போவணும்னு நெனச்சான்"னா. அவளுக்கு அப்படி. நான் மறுத்துப் பேசல. சில நாளு எனக்கும் அப்படித்தான்னு இருக்கும். சில நாளு மாவாட்டிக்கிட்டு இருக்கும்போது, வெட்டுங்கன்னுதான் கேட்டான், ஒருத்தருக்கும் புரியலன்னு தோணும், கை அப்படியே நின்னுரும்.

டீச்சர் ஒரு தடவ கடைக்கு வந்தாவ. அந்தக் கூட்டத்துல வாசிச்சாச்சாம். முன் வரிசையில ஒரு பெரியவரு, 'தெரியலைங்கறதெல்லாம் ஒரு படிப்பா?'ன்னு கேட்டுச் சிரிச்சாராம். பொறவு வெளிய வராந்தாவுல ரெண்டு நர்ஸுக அவுகளப் பிடிச்சுக்கிட்டு, எங்க வார்டுலயும் தமிழாளுக உண்டு, இனி எப்படிக் கேக்கணும்னு கேட்டாவளாம். திருப்பிக் கேளுங்க, அவுக பாஷையிலயே அவுகளையே சொல்லச் சொல்லுங்கன்னு ஏதோ சொன்னாவளாம். "செரியா சொன்னேனா?"ன்னு எங்கிட்ட கேக்காவ! எங்கிட்ட! நான் என்னத்தக் கண்டேன். சாப்பிடுங்க டீச்சர்னு எலையப் போட்டேன்.

சோறு போடும்போது அவுக கையத் தூக்கி, "மதி"ன்னாவ. ரெண்டு பேருக்கும் கை சட்டுனு நின்னு போச்சு. நான் கரண்டியோட நிக்கேன், அவுக கையோட இருக்காவ. "இனி வேண்டாமா டீச்சர், இல்ல சோறு மட்டும் மதியா?"ன்னு கேட்டேன். அவுக சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம, "இனி வேண்டா மோளே"ன்னாவ.

அன்னையிலருந்து யாரு மதின்னாலும் நான் ரெண்டாந்தடவ கேப்பேன். பந்தியில ஆளுக கேலி பேசுவாவ. "எடி, நினக்குச் செவி கேக்கில்லே?"ன்னு ஏசுவாவ. மொதலாளி, "இவ ஒருத்தருக்குப் பரிமாறுத நேரத்துல நான் நாலு பந்தி முடிப்பேன்"னு கத்துவாரு. கத்தட்டும். ஒரு ஆளு சொன்னது நமக்கு வெளங்கிட்டுன்னு திரும்பிப் போறதுக்கு முன்னால இன்னொரு தடவ கேக்கணும்னு மட்டும் இப்ப எனக்குத் தெரியும், என் அண்ணன் என்ன சொன்னான்னுதான் தெரியாது.

இத வாசிக்குதவுக எல்லாரும் அவனுக்காக ஒரு நிமிசம் கும்பிடுங்க. கோயிலோ, பள்ளிவாசலோ, மாதா கோயிலோ, உங்க வீட்டு வெளக்கு முன்னாலயோ. பேரு சுடலைமுத்து. வேற ஒண்ணும் வேண்டாம். அவன் அன்னைக்கு எதக் கேட்டானோ, இப்ப இருக்குத எடத்துலயாவது அது அவனுக்குக் கெடைக்கணும்னு வேண்டிக்கோங்க.