சுவாமித் தட்டின் கீழே ஒரு பெட்டி

என் மருமகளுக்கு வைத்தியர் விதித்தது ஒன்றே ஒன்றுதான்: படுத்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டு, வயிற்றிலிருந்த பிள்ளையை ஐந்தாம் மாதத்தில் அவள் இழந்திருந்தாள். மறுமுறை வயிற்றில் உண்டானபோது, இருபத்திரண்டாம் கிழமையிலேயே அதே அறிகுறிகள் தென்பட்டன. முப்பத்தாறாம் கிழமை வரை பிள்ளை உள்ளே தங்கினால் அச்சமில்லை என்றார்கள். அதுவரை குளிப்பதற்கும் கழிப்பறைக்கும் அன்றி எழும்பக் கூடாது. மருத்துவிச்சி கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துப் போவாள்.

நாங்கள் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்கு அண்மையில், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தோம். மகனும் மருமகளும் நானும். மகன் லிஃப்ட் திருத்தும் வேலை செய்பவன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "பாரிசிலை உள்ள சனத்தையெல்லாம் ஏத்தி இறக்கிறவர், பெண்சாதியைப் படியிலை விட்டிட்டார்" என்று அவள் அவனைக் கேலி செய்வாள். படுக்கை அறை ஒன்று, கூடம் ஒன்று. பகலில் வெளிச்சம் வருவது கூடத்தில்தான் என்பதால் அவள் அங்கிருந்த சோஃபாவில் படுத்தாள். கூடத்தில்தான், தொலைக்காட்சி அலுமாரிக்கு மேலே சுவரில், என் சுவாமித் தட்டும் இருந்தது. காலையும் மாலையும் விளக்கேற்றி நான் பதிகம் ஓதுவதும் அங்கேயே.

ஆகவே பகல் முழுவதும் அவளும் நானும் ஒரே அறையில் இருந்தோம். அதுவரை அவளோடு நான் பேசியவை மிகக் குறைவு. அவள் பாரிசின் புறநகரான பொபினியில் பிறந்து வளர்ந்தவள். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. பாதித் தமிழிலும் பாதிப் பிரெஞ்சிலும் மிக விரைவாகப் பேசுவாள். மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே "சாப்பிட்டியோ", "ஓம் மாமா" என்பவற்றுக்கு அப்பால் என்ன பேசுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. மூன்றாம் நாள் நான் கடையிலிருந்து திரும்பியபோது, அவள் நாற்காலி மீது ஏறி நின்று ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, இறங்கு!"

"ரெண்டு நிமிஷம்தான் மாமா. சும்மா கிடந்து கிடந்து விசர் பிடிக்குது."

அன்று மாலை மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஏசவில்லை. மாணவியாக இருந்த காலத்தில் அவள் கணினியில் விளையாடுவதில் கெட்டிக்காரி என்று அப்போதுதான் எனக்குச் சொன்னான். ஆனால் அத்தகைய கணினி பெரிய பெட்டி. மேசை வேண்டும், அதன் முன் நிமிர்ந்து உட்கார வேண்டும். அவளோ படுத்தபடிதான் விளையாட முடியும். எனவே கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைத்துவிடக்கூடிய சிறு கணினி ஒன்றை, உறுப்புகளை வாங்கித் தானே பூட்டித் தருவதாக முடிவு செய்தான். சுவாமித் தட்டுக்கும் தொலைக்காட்சி அலுமாரிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதைச் சாணால் அளந்தான். "ஒண்டரைச் சாண். பெட்டிக்குக் காணும்" என்றான்.

ஒரு ஞாயிறு காலை, பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து உறுப்புகளைப் பரப்பினான். நான் பதிகத்தின் மூன்றாம் பாடலில் இருந்தேன். ஓதத் தொடங்கினால் இடையில் நிறுத்துவது என் வழக்கமன்று. அன்று நிறுத்தினேன். கையகலத்தில் ஒரு பச்சைத் தகடு. அதன் மேல் வீதிகளும் சந்திகளும் போலக் கோடுகள். அதன் நடுவே வைப்பதற்கென்று, தீப்பெட்டியினும் சிறிய ஒரு சதுரத்தை உறையிலிருந்து எடுத்தான். கிட்டப் போய்க் குனிந்தேன்.

"அப்பா, மிதிச்சுப்போடாதேங்கோ. அதுதான் மூளை."

"இவ்வளவு சின்னனோ?"

"மூளை எல்லாருக்கும் சின்னன்தான் மாமா" என்றாள் சோஃபாவில் இருந்தவள். "உங்கடை மகனுக்கு இன்னும் கொஞ்சம் சின்னன்."

பெட்டி செருப்புப் பெட்டியளவே. படம் வரையும் உறுப்பு ஒன்று மட்டும் அதில் பாதியை அடைத்துக்கொண்டது. மற்ற யாவும் அதற்கு ஒதுங்கி, மடங்கி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. ஒரு கம்பியை வளைக்க வேண்டிய இடத்தில் அவன் கால் மணி நேரம் யோசித்தான். "பெரிய பெட்டி எண்டால் காத்துத் தன்ரை பாட்டிலை ஓடும். சின்னதிலை நாங்கள்தான் வழி விடோணும்" என்று சொல்லிக்கொண்டே மூடியைப் பூட்டினான். மூடியின் மேற்புறம் முழுவதும் சல்லடை போல நுண்ணிய கண்ணறைகள் இருந்தன. அவற்றை நான் அழகுக்காக இட்டவை என்றே எண்ணினேன்.

மறுநாளிலிருந்து அவள் எழும்பவில்லை. இடப்பக்கம் சரிந்து, கைப்பிடிக் கருவியை வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு விளையாடினாள். அந்தக் கருவியை அவள் மனெத் என்பாள். வீட்டில் எல்லோரும் அப்படியே சொன்னோம். துப்பாக்கியும் இரத்தமுமாக இருக்குமோ, வயிற்றில் உள்ளது அதைக் கேட்குமோ என்று அஞ்சியிருந்தேன். அப்படி இல்லை. ஒரு நதியின் தலையூற்றைத் தேடிக் கரையோரமாக மேல்நோக்கி நடக்கும் தனிப் பயணி ஒருவனின் விளையாட்டு அது. வழியில் வயல், குளம், மூங்கில், யானைக் கூட்டம். நான் ஓதத் தொடங்கும்போது அவள் ஓசையை அடைத்துவிடுவாள். ஆனால் பயணி நடந்துகொண்டே இருப்பான். என் கண் ஏட்டை விட்டுத் திரைக்குப் போனதை அவள் கவனித்துவிட்டாள்.

"மாமா, நீங்கள் பாடுறதிலையும் ஆறு, குளம், மரம் எண்டு வருது. சாமி எங்கை வாறார்?"

"கடைசி அடியிலை."

"ஏன் முதலே வரேல்லை?"

அறுபது ஆண்டுகளாக ஓதி வந்தும் இப்படி எவரும் என்னைக் கேட்டதில்லை. தாமரை மலர்ந்த மடுவையும், வாளை துள்ளும் வயலையும், வண்டு மூசும் சோலையையும் சொல்லிச் சொல்லி, பிறகே அவ்வூரில் உறைபவனைச் சொல்வது பழைய அடியார்களின் முறை. அவர்கள் ஊர் ஊராக நடந்து போனவர்கள் அல்லவா? நடப்பவனுக்கு முதலில் தெரிவது ஊரின் தண்ணீர்தான். அப்படியே அவளுக்குச் சொன்னேன். "இவனும் அப்பிடித்தான்" என்று பயணியைக் காட்டினாள்.

பிறகு நான் கேட்டேன். "பிள்ளை, அவன்ரை முதுகுக்குப் பின்னாலை இப்ப என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

"நேத்து ஒரு மலை இருந்ததே?"

"நாங்கள் திரும்பினால்தான் பெட்டி அந்த மலையின்ரை படத்தைக் கீறும். பாக்காட்டில் கீறாது. பாக்காததை எல்லாம் கீறினால் வெந்துபோகும்."

"திரும்பு, பாப்பம்."

அவள் திருப்பினாள். மலை இருந்தது. மீண்டும் திருப்பச் சொன்னேன். என் கண்ணுக்கு முந்தி அது வந்துவிடுகிறதா என்று அறிய, விரைவாகத் திருப்பச் சொன்னேன். ஒருமுறைகூட அகப்படவில்லை. காண்பவன் இன்றிக் காட்சி உண்டா என்று பெரியவர்கள் வாதித்த வாதம் ஒன்று உண்டு. அதை ஏட்டில் படித்தபோது புரிந்ததாக எண்ணியிருந்தேன். அந்தப் பிற்பகல் முழுவதும் நான் மருமகளை அந்த மலையைச் சுற்ற வைத்தேன்.

காலைப் பூசை முடிந்ததும் அவள் நெற்றியில் திருநீறு இடுவேன். விரல்களில் மிஞ்சும் நீற்றைத் தரையில் சிந்தலாகாது. அதை என் கழுத்தில் பூசிக்கொள்வதே வழக்கம். பெட்டி வந்த பிறகு, அதை அந்தப் பெட்டிக்குப் பூசத் தொடங்கினேன். அவளை எழும்பவிடாமல் காப்பது அதுதானே; காவல் நிற்பதற்கும் ஒரு காப்பு இருக்கட்டும் என்று நினைத்தேன். மூடியின் மேல் மூன்று விரலால் மூன்று கோடு. மறுநாள் பார்த்தால் கோடு இராது. ஏற்றுக்கொள்கிறது என்று மகிழ்ந்து மறுபடியும் இடுவேன். ஏழு கிழமைகள் இவ்வாறு நடந்தன. எவரிடமும் சொல்லவில்லை.

ஏழாம் கிழமையில் பெட்டி இரையத் தொடங்கியது. முதலில் தேனீ போல. பிறகு பால் பொங்கும் ஓசை போல. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பயணி ஒரு பாலத்தின் நடுவே நிற்கையில் திரை கறுத்தது. அவள் மீண்டும் போட்டாள். சிறிது நேரத்தில் மீண்டும் கறுத்தது. மகன் வேலைக்காக லியோனுக்குப் போயிருந்தான், சனிக்கிழமைதான் வருவான். தொலைபேசியில், "தொடாதேங்கோ, நான் வந்து பாக்கிறன்" என்றான்.

அன்று நண்பகலுக்குள் அவள் உடுப்புகளை எல்லாம் மடித்துவிட்டாள். பிற்பகலில் சமையலறையில் நின்று வெங்காயம் வெட்டினாள். நான் சொல்லச் சொல்ல, "ஓம் மாமா, ஓம் மாமா" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். புதன்கிழமை காலை மருத்துவிச்சி வந்தாள். படுக்கை அறைக் கதவு நீண்ட நேரம் மூடியிருந்தது. வெளியே வந்தவள் என்னிடமும் நேரே சொன்னாள்: கருப்பையின் கழுத்து இன்னும் குறுகியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் இப்படி நடமாடினால் மருத்துவமனையில்தான் படுக்க வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது. அப்போது முப்பதாம் கிழமை.

அவள் போன பின் மருமகள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். நான் சோஃபாவின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பிள்ளை, ஒண்டு சொல்லோணும்."

"சொல்லுங்கோ மாமா."

"அந்தப் பெட்டிக்கு நான் திருநீறு பூசினனான்."

அவள் திரும்பினாள். "எங்கை?"

"மேலை. அந்தக் கண்ணறையிலை."

"எத்தினை நாள்?"

"வந்த நாளிலை இருந்து."

பெட்டியின் மூடியைப் பார்த்தாள். பிறகு வயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வந்தது. அந்தச் சிரிப்பும் உள்ளே இருப்பதை அசைத்துவிடுமோ என்று நான் நடுங்கினேன்.

"சிரியாதை பிள்ளை, ஆடாதை!"

"மாமா, அது மூக்கு! அதாலைதான் அது மூச்சு இழுக்கிறது. ஐயோ, மூக்குக்குள்ளை திருநீறு போட்டிருக்கிறியள்!"

"திறந்து துப்பரவாக்கலாமோ?"

"நான் செய்வன். அஞ்சு நிமிஷ வேலை." எழும்ப முயன்றாள்.

"நீ படு. எனக்குச் சொல்லு, நான் கழட்டுறன். நீ எழும்பினியெண்டால் கழட்டினது கழட்டினபடி கிடக்கும். எனக்குப் பூட்டத் தெரியாது."

அவள் தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தாள். மகனின் சிறிய திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் அமர்ந்தேன். இருபது ஆண்டுகள் உணவகமொன்றில் பாத்திரம் கழுவிய கை. அதற்கு முன் தபால் முத்திரை குத்திய கை. இத்தகைய ஒன்றை அது தொட்டதில்லை.

"முதல் வயரைக் கழட்டுங்கோ. இல்லை, அது ரீவியின்ரை. மற்றது. ஓம். பின்னாலை நாலு ஆணி. கழட்டினதை ஒரு கிண்ணத்திலை போடுங்கோ."

"நாலில்லை, அஞ்சு."

"அப்ப அஞ்சாவதை உங்கடை மகன் சும்மா போட்டிருக்கிறார். மெல்லமா மாமா, மூடியை இழுக்கக் கூடாது, தள்ளோணும்."

மூடி கழன்றதும் சந்தன மணம் வந்தது. நான் திருநீற்றில் சந்தனப்பொடி கலப்பவன். உள்ளே, சூட்டை வாங்குவதற்காக நெருக்கமாய் அடுக்கியிருந்த மெல்லிய தகடுகள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் நீறு படிந்திருந்தது. நான் மூன்று கோடுதான் இட்டேன்; காற்று நூறு கோடு இட்டிருந்தது, ஒன்றுகூடப் பிசகாமல். வெட்கப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்துவிட்டேன்.

"என்ன மாமா, சத்தமில்லை? உடைஞ்சு போச்சோ?"

"இல்லை. நீயும் பாக்கோணும் இதை." தொலைபேசியில் படம் பிடித்து அவளிடம் நீட்டினேன்.

"இது பெட்டியில்லை, கோயில்" என்றாள்.

குத்துவிளக்கின் இடுக்குகளைத் துலக்க ஒரு மெல்லிய தூரிகை வைத்திருக்கிறேன். அதுவே உதவியது. "விசிறியை ஒரு விரலாலை பிடிச்சுக்கொள்ளுங்கோ, சுத்த விடாதேங்கோ" என்றாள். ஒரு கையால் விசிறியைப் பிடித்து, மறு கையால் தகடு தகடாகத் தட்டினேன். நீறு செய்தித்தாளில் விழுந்தது.

"அதை அப்பிடியே சுருட்டிக் குப்பையிலை போடுங்கோ."

"திருநீற்றையோ?"

"அதுக்குள்ளை வீட்டுத் தூசியும் இருக்குத்தானே?"

"இப்ப ரெண்டையும் ஆர் பிரிக்கிறது? எல்லாம் கறிவேப்பிலைக் கன்று நிக்கிற சாடிக்குப் போகட்டும்."

இரண்டு மணி நேரம் சென்றது. அவ்வளவு நேரமும் அவள் அசையாமல் இடப்பக்கம் படுத்து, ஓர் ஆணியும் தப்பாமல் மேற்பார்வை செய்தாள். மூடியைத் தள்ளிப் பூட்டி, வயரைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். ஓசை இல்லை. பழுதாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். "காதைக் கிட்டக் கொண்டு போங்கோ" என்றாள். குனிந்தேன், உறங்குபவரின் மூச்சு போல மெல்லிய காற்று என் கன்னத்தில் பட்டது. திரையில் பயணி பாலத்தின் நடுவே நின்றான்.

"இனிமேல் அதுக்கு மனசுக்குள்ளை பூசுங்கோ மாமா" என்றாள்.

அடுத்த புதன்கிழமை கதவு சீக்கிரமே திறந்தது. நிலைமை மோசமாகவில்லை என்றாள் மருத்துவிச்சி. அதற்கடுத்த புதனும் அவ்வாறே. மருமகளின் விரல்கள் வீங்கத் தொடங்கிய நாட்களில் மனெத்தை என்னிடம் தந்துவிடுவாள். நடத்துவது என் வேலை. எங்கே போவது என்று சொல்வது அவள் வேலை. நான் பயணியை அடிக்கடி ஆற்றில் விழுத்தினேன். "உங்களுக்கு நேரா நடக்கத் தெரியாதோ?" என்பாள்.

முப்பத்தாறாம் கிழமை நிறைந்த அன்று, நடக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பெண் குழந்தை அதற்குப் பதினொரு நாள் கழித்து, நல்ல எடையோடு பிறந்தாள். ஆனால் என் நினைவில் இன்னும் தெளிவாக நிற்பது அனுமதி கிடைத்த அந்தச் சனிக்கிழமைதான். நதி மெலிந்து, கற்களுக்கிடையே ஓர் இழையாக ஓடும் இடத்துக்கு நான் பயணியைக் கொண்டு வந்திருந்தேன். "ஊற்று கிட்ட வந்திட்டுது, பார்" என்றேன். அவள் சோஃபாவில் இல்லை. கதவருகே, மகனின் தோளைப் பிடித்தபடி சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் கண்டுபிடியுங்கோ மாமா. நான் கீழை போயிட்டு வாறன்."

கதவு மூடிக்கொண்டது. நான் மனெத்தைக் கையில் வைத்தபடியே இருந்தேன், விரலை அசைக்கவில்லை. படிக்கட்டில் அவளுடைய காலடி கேட்டது: ஒரு படி, சிறு தரிப்பு, மறு படி. மூன்றாம் மாடி. இரண்டாம் மாடி. "மெல்ல, மெல்ல" என்ற மகனின் குரல். அதற்கு அவள் பிரெஞ்சில் ஏதோ ஏசிய குரல். பின்னர் கீழே தெருக்கதவின் கனத்த ஓசை.