பின்னட்டையில் ஒட்டிய தாள்

நாவற்குடாவில் சுலோஜனாவின் வீட்டு முன்னறையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கடைசிச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, ஐந்து பேர் கூடுவார்கள். காத்தான்குடியிலிருந்து வரும் இருவர் பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு வர வேண்டும் என்பதற்காகவே அந்த நேரம். கூட்டத்துக்குப் பெயர் இல்லை. ‘வாசிப்பு’ என்று சொன்னாலே அவர்களுக்கு விளங்கும்.

சுலோஜனா தனியார் மருத்துவ நிலையமொன்றில் நோயாளர் கோவைகளைப் பராமரிப்பவர். எந்தக் கோவை எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை இருட்டிலும் சொல்லக்கூடியவர். மகள் பல்கலைக்கழகம் போன ஆண்டில் வீடு பேச்சற்றுப் போகவே இந்த வாசிப்பைத் தொடங்கினார். இப்போது எட்டு ஆண்டுகள். அதற்கும் அவர் ஓர் ஒழுங்கு வகுத்திருந்தார். விலையேற்றத்துக்குப் பிறகு ஆளுக்கொரு பிரதி இயலாத காரியம் என்பதால் புத்தகம் ஒன்றுதான். ஒருவருக்குப் பத்து நாள். பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, பெயர், பெற்ற நாள், முடித்த நாள் என்று மூன்று நிரல்கள் வரைந்து கொடுப்பார். விருந்தில் பரிமாறுபவர் கடைசியில் உண்பதுபோல, நடத்துபவர் கடைசியில் வாசிக்க வேண்டும். தமது முறை வரும்வரை புத்தகத்தைத் திறந்தும் பார்க்கக் கூடாது என்பது அவர் தமக்கே இட்டுக்கொண்ட விதி.

அந்த முறை நகரத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நாவலை முதலில் கதிர்காமத்தம்பியிடம் கொடுத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கதிர்காமத்தம்பி பிரதான வீதியில் சைக்கிள் திருத்துபவர். ஓராண்டுக்கு முன்பு ஒரு புத்தகத்தின் அட்டையில் கறுப்புக் கிறீஸ் கறை இருந்தது. இது யாருடைய கை என்று சுலோஜனா கூட்டத்தின் நடுவே கேட்டுவிட்டார்.  எல்லாருடைய கண்களும் ஒரே பக்கம் திரும்பின. கதிர்காமத்தம்பி தம் கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். அதன்பின் அவர் வரவில்லை. சுலோஜனா மூன்று முறை அவர் வீட்டுக்கே போய் அழைத்த பிறகே, ஓராண்டு கழித்து, மீண்டும் வர ஒப்புக்கொண்டார். திரும்பி வந்தவருக்கு முதல் முறையைக் கொடுப்பதே மரியாதை என்று சுலோஜனாவுக்குப் பட்டது.

அவருக்குப் பின் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் றம்லா, அதே ஊரில் வளைகுடாவிலிருந்து திரும்பி ஓய்வாக இருக்கும் அசனார், பேருந்துச் சாரதி விஜிதரன் என்று புத்தகம் சுற்றி, ஒரு புதன்கிழமை சுலோஜனாவிடம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுப் போன தோணிக்காரன் ஒருவனைப் பற்றிய கதை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் கதவு தட்டப்படுகிறது. மனைவி விளக்கை எடுத்துக்கொண்டு கதவண்டை செல்கிறாள். வாக்கியம் பாதியில் நிற்க, அடுத்தது பின்னட்டைதான்.

சுலோஜனா ஒட்டிய தாளை வாசித்தார். நான்கு பெயர்களுக்கு நேரே பெற்ற நாள் இருந்தது. முடித்த நாள் என்ற நிரலில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அப்படியானால் நால்வருக்கும் தெரியும். நால்வரும் வாய் திறக்கவில்லை. மற்ற மூவரும் பேசாதிருந்தது முதலில் வாசித்தவரைக் காப்பாற்றத்தான் என்பது அவருக்கு உடனே புரிந்தது. அவருடைய சைக்கிள் பட்டறையில் எங்கோ அந்தப் பக்கங்கள் கழன்று போயிருக்கும். இதைக் கேட்டால் கதிர்காமத்தம்பி இரண்டாம் முறையாக எழுந்து போவார்; இனி ஒருபோதும் வரமாட்டார். இரண்டு நாள் யோசித்து, பழியைத் தாமே ஏற்பது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை பேச்சு வழமையைவிடக் கலகலப்பாகவே நடந்தது. அசனார் வாவியைக் கடக்கும் இடத்தைப் புகழ்ந்தார். விஜிதரன் அந்தத் தோணிக்காரன் தன் பேருந்து நடத்துனரைப்போலவே சோம்பேறி என்றார். றம்லா தோணிக்காரன் மனைவியின் சேலைத் தெரிவைக் குறை சொன்னார். கடைசி அத்தியாயத்தின் அருகே மட்டும் ஒருவரும் போகவில்லை.

சுலோஜனா புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதன் கடைசிப் பக்கங்கள் தம் கையில் கிழிந்து குப்பையோடு போய்விட்டதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“அது போகட்டும் அக்கா, மஸ்கத்தை எடுங்க,” என்று றம்லா இனிப்புத் தட்டை நீட்டிய வேகம், அந்தப் பொய்யை அவர் எவ்வளவு ஆவலோடு ஏற்றுக்கொண்டார் என்பதைக் காட்டிற்று.

கதிர்காமத்தம்பி தட்டை வாங்கவில்லை.

“நீங்க கிழிக்கல்ல தங்கச்சி. எனக்குத் தரக்குள்ளேயே அது இரிக்கல்ல,” என்றார். புத்தகத்தைச் சுட்டிக்காட்டி, “நீங்க ஒட்டின தாளைப் பாருங்க,” என்றார்.

சுலோஜனா பின்னட்டையைத் திறந்தார். அட்டை தளர்ந்திருந்ததால், அதைப் பிடித்து நிறுத்துவதற்காகத் தாளின் இடது ஓரத்தை ஒரு விரலளவு கடைசிப் பக்கத்தின் மேலும் ஏற்றி ஒட்டியிருந்தார். கதையின் முடிவு கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒட்டியது அவருக்கு நினைவு வந்தது. அதன்பின் அந்தப் பக்கத்துக்கும் அட்டைக்கும் இடையிலிருந்து எதையேனும் எடுத்திருந்தால் தாள் கிழிந்திருக்க வேண்டும். தாள் முழுதாக இருந்தது. அந்தப் பக்கங்கள் கடையில் வாங்கியபோதே இருக்கவில்லை.

“இது தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்தீங்க அண்ணன்?”

“களவெடுக்கல்லண்டு ஒரு மனுசன் தானே தனக்குச் சாட்சி சொல்லித் திரியிறதா?” என்றார் கதிர்காமத்தம்பி. பிறகு மற்ற மூவரையும் பார்த்தார். “எனக்காகத்தான் எல்லாரும் பேசாம இருந்தீங்க. அது விளங்குது. ஆனா ஒருத்தராவது வந்து எனக்கிட்டக் கேட்டிரிக்கலாம்.”

அசனார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கேட்டால் மனம் நோகும் என்று பயந்ததாக ஒப்புக்கொண்டார். விஜிதரன் தாமும் அப்படியே என்று முணுமுணுத்தார்.

சுலோஜனாவுக்குச் சொல்ல வேண்டியது வேறு இருந்தது. எட்டு ஆண்டுகளில் அந்த அறையில் அவர் குரல் தாழ்ந்தது அன்றுதான்.

“போன முறை நாலு பேருக்கு நடுவில கேட்டன். இந்த முறை கேக்கவே இல்ல. ரெண்டும் பிழை அண்ணன். அந்தக் கறைக்கும் சேர்த்து மன்னிச்சிருங்க.”

கதிர்காமத்தம்பி கையை நீட்டி ஒரு துண்டு மஸ்கத்தை எடுத்தார். அதைத் தின்று முடிக்கும்வரை அனைவரும் காத்திருந்தனர்.

இனி நடத்துபவரே முதலில் புத்தகத்தைத் திறந்து பக்கங்களை எண்ண வேண்டும் என்று சுலோஜனா அங்கேயே விதியை மாற்றினார். அது சரி, இந்தக் கதையை எப்படி முடிப்பது என்று றம்லா கேட்டார். அவள் கதவைத் திறந்திருக்கவே மாட்டாள் என்று அவரே ஒரு முடிவும் சொன்னார். தட்டியது கணவன் அல்ல, கடன்காரன் என்றார் விஜிதரன். அசனார் இருவரையும் மறுத்தார். ஆளுக்கொன்று சொன்ன பின் எல்லாரும் கதிர்காமத்தம்பியைப் பார்த்தனர். இந்த முறை அவர் கைகளை மறைக்கவில்லை.

“திறந்திரிப்பா,” என்றார். “ஆனா மூணு தரம் தட்டவிட்டுத்தான்.”

முதலில் சிரித்தவர், அவர் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டியிருந்த சுலோஜனாதான்.

பிறகு புத்தகம் கைமாறிச் சென்றது. முடித்த நாள் என்ற நிரலில் ஒவ்வொருவரும் அன்றைய திகதியை எழுதினர். கதிர்காமத்தம்பி கடைசியாக எழுதி, தாளை விரலால் அழுத்திச் சமப்படுத்தினார். ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம் பதிந்தது. அவரும் அதைப் பார்த்தார், சுலோஜனாவும் பார்த்தார்.

“இது என்ட கைதான் தங்கச்சி,” என்று சொல்லிப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தார்.